இரு மெழுகுகள்

மேல்கோட்டையில் பங்குனி மாதத்து வைரமுடிச் சேவை இரவில்தான் நடைபெறும். மாண்டியா மாவட்டக் கருவூலத்தில் காக்கப்படும் அம்முடியின்மீது பகலொளி படலாகாது என்பது மரபு. உற்சவமூர்த்தியான செல்லப்பிள்ளை அதனைச் சூடி வீதியுலா வரும்போது, திரண்டு நிற்கும் மக்கள் விளக்கொளியிலேயே அதன் மின்னலைக் காண்கின்றனர். 1939ஆம் ஆண்டுவரை மைசூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூரில், இராமாநுசர் காலந்தொட்டுத் தமிழும் ஒலிக்கிறது. எண்ணெய் விளக்கும் எரிகிறது. மெழுகுவர்த்தி இங்கு விருந்தாளியே. மின்சாரம் நின்ற இரவுகளில் மட்டும் அலமாரியிலிருந்து வெளிவந்த அவ்விருந்தாளி, இன்று நறுமணம் பூசிக் கண்ணாடிக் குவளைக்குள் அமர்ந்து, நாடெங்கும் பல இல்லங்களில் கைத்தொழிலாகியுள்ளது.

ஆயினும் மெழுகு எண்ணெய்க்கு அயலானது அன்று. சோயா எண்ணெயில் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தினால் அது இறுகி மெழுகாகிறது. தாவர எண்ணெய்களை வனஸ்பதியாக்கியதும் இதே முறைதான். இம்முறைக்கு அடித்தளமிட்ட பிரெஞ்சு வேதியியலர் பால் சபாட்டியே 1912இல் நோபல் பரிசு பெற்றார். நம் அடுக்களையில் பூரி பொரித்த பொருளின் நெருங்கிய உறவினர்தான் கடையில் உயர்ந்த விலைக்கு விற்கும் சோயா மெழுகு! பாரஃபின் மெழுகோ, நிலத்தடியிலிருந்து எடுக்கும் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கையில் கிடைப்பது.

இவ்விரண்டையும் ஏன் கலக்கவேண்டும்? சோயா மென்மையானது, வெயில் படும் இடத்தில் வைத்தால் குழைந்துவிடும். ஆறியபின் மேற்பரப்பில் உப்புப் பூத்ததுபோல் வெண்படலம் படர்வதும் உண்டு. நறுமணத்தை அது மெல்லவே வெளியிடும். பாரஃபின் கெட்டியானது, மணத்தைத் தாராளமாகப் பரப்பும். ஆனால் ஆறும்போது சுருங்கித் திரியைச் சுற்றிக் குழி விழும்; திரி பெரிதாயின் புகைக்கரியும் மிகும். ஒன்றன் குறையை மற்றொன்று ஓரளவு ஈடுசெய்கிறது. அரைக் கிலோ கலவைக்குச் சோயா 350 கிராம், பாரஃபின் 150 கிராம் என்பது தொடங்குவதற்கு ஏற்ற அளவு. பாரஃபின் கூடுதல் வெப்பத்தில் உருகுவதாதலின் அதனை முதலில் இடுதல் நன்று. முழுதும் உருகியபின் அடுப்பிலிருந்து இறக்கி, 30 கிராம் நறுமண எண்ணெயைச் சேர்த்து இரண்டு நிமிடம் நிதானமாகக் கலக்கவேண்டும். வார்த்த மறுநாளே ஏற்றினால் மணம் குறைவாகவே இருக்கும். ஒரு வாரமேனும் பொறுத்திருத்தல் வேண்டும். மாணவர்க்கு மிகக் கடினமான படி இதுவாகவே இருக்கலாம்.

மெழுகை நேரடியாக அடுப்பில் வைத்தலாகாது. கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் சிறு பாத்திரத்தை இறக்கியே உருக்கவேண்டும். நீரின் வெப்பம் 100 பாகையைத் தாண்டாது. மெழுகும் அதற்குள் அடங்கியிருக்கும். நேரடி வெப்பத்திலோ அது கொதித்து எச்சரிப்பதில்லை. 200 பாகையை ஒட்டி எழும் ஆவி திடீரெனத் தீப்பற்றிக்கொள்ளும். அப்போது பதறி நீரை ஊற்றுவோரே பெருந்தீங்குக்கு ஆளாகின்றனர். மெழுகைவிடக் கனமான நீர் அடியில் இறங்கி, நொடியில் ஆவியாகி, ஆயிரம் மடங்குக்கு மேல் விரிந்து, எரியும் மெழுகை முகத்தில் வாரி இறைக்கும். அடுப்பை அணைத்து, மூடியால் பாத்திரத்தை மூடுவதே வழி. ஆதலின் மூடி கைக்கெட்டும் இடத்தில் இல்லாமல் அடுப்பை மூட்டவே கூடாது. பெரியவர் ஒருவர் அருகில் இருப்பதும் கட்டாயம்.

இன்னொரு தவறு கண்ணுக்குத் தெரியாதது. பாரஃபின் கலந்த குவளைமீது 'தூய சோயா' என்று சீட்டு ஒட்டுவதுதான் அது. கலப்பதில் குற்றமில்லை, மறைப்பதே குற்றம். தாவரப் பொருளென நம்பிக் கூடுதல் விலை கொடுப்பவர், எரியும் சுடரைப் பார்த்து உண்மையை அறிய இயலாது. செய்தவர் எழுதினால்தான் தெரியும். சீட்டில் இடமில்லை என்பதும் பொருந்தாது. எழுதவேண்டியது ஒரே வரிதான்: சோயா எழுபது பங்கு, பாரஃபின் முப்பது பங்கு.