ஒத்திகை இல்லாத நாடகம்

ராஜபார்ட்டை மதுரையிலும், ஸ்திரீபார்ட்டைப் புதுக்கோட்டையிலும், பபூனைத் திண்டுக்கல்லிலும் தனித்தனியே பேசி முடித்து, முன்பணம் கொடுத்து, அவர்கள் அனைவருடைய படங்களையும் ஒரே நோட்டீசில் அச்சிட்டு, திருவிழா இரவன்று ஒரே மேடையில் கூட்டிவிடும் ஏற்பாட்டுக்கு ஸ்பெஷல் நாடகம் என்று பெயர். இதற்குக் கம்பெனி இல்லை, முதலாளி இல்லை, ஒத்திகையும் இல்லை. பங்குனி உற்சவத்தை முன்னிட்டு மதுரைக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் நடந்த ‘வள்ளி திருமண’த்தைப் பக்கவாத்தியக்காரர்களின் அருகிலேயே அமர்ந்து விடியும்வரை பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

பொழுது சாய்ந்தபின் ஒவ்வொருவராக பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். தங்கள் தகரப் பெட்டியைத் தாங்களே சுமந்துவந்து, தென்னங்கீற்று மறைப்புக்குள் கண்ணாடியைச் சாத்தி வைத்து, அரிதாரத்தையும் தாங்களே பூசிக்கொண்டார்கள். முருகனாக வேஷமிடுபவரும் வள்ளியாக வேஷமிடும் அம்மையாரும் சந்தித்துக்கொண்டதே அன்றுதான். அப்படியிருந்தும் நாடகத்தைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டது சொற்பம்.

அவர்களை இணைக்கும் பொறுப்பு ஹார்மோனியக்காரருடையது. அறுபதைக் கடந்த அந்தப் பெரியவர் காலால் துருத்தியை மிதித்தபடி, பார்வையைக் கட்டைகளின்மேல் செலுத்தாமல் நடிகரின் உதட்டின்மேலேயே நிறுத்தியிருந்தார். சுருதியை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வதுண்டா என்று வினவினேன். “எதுக்குங்கய்யா? முதல் வசனத்திலேயே எத்தனை கட்டைன்னு தெரிஞ்சுபோகும்” என்றார். முருகன் ஒரு சுருதியில் பாடி முடிக்க, வள்ளி அதற்கு மேலான சுருதியில் எடுக்க, இடையில் துளி இடைவெளியும் தெரியாமல் அவர் விரல்கள் இடம் மாறின. நடிகருக்கு அடி மறந்துபோனால், பின்பாட்டுப் பாடுபவர்போல் அந்த அடியைத் தாமே எடுத்துக் கொடுத்துவிடுவார். மறதி நேர்ந்தது சபையோருக்குத் தெரியாது.

பபூனும் நடனமாதும் நள்ளிரவுவரை சபையைச் சிரிக்க வைத்தபின் கதை தொடங்கியது. வள்ளி தினைப்புனத்தில் ஆலோலம் பாட, நாரதர் வந்து முருகனுடைய பெருமையைச் சொல்ல, தர்க்கம் மூண்டது. தெய்வயானை என்ற தேவியிருக்க என்னையும் நாடுபவனை எவ்வாறு ஏற்பது என்று அம்மையார் கேட்க, இச்சா சக்தி வள்ளியென்றும் கிரியா சக்தி தெய்வயானையென்றும் நாரதர் சைவ சித்தாந்தத்தை விரிக்க, அந்தப் பதிலையே பற்றிக்கொண்டு அம்மையார் மறுபடியும் கேள்வி தொடுக்க, ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்த அந்த வாதத்தில் எந்த வாக்கியமும் முன்னேற்பாடாக வந்ததன்று. பேச்சு சுற்றி வளைந்து வந்த இடத்துக்கே வரத் தொடங்கியபோது பெரியவர் அடுத்த பாட்டின் ராகத்தை மெல்ல இழைத்தார். இருவரும் குறிப்பறிந்து வாதத்தை முடித்தார்கள். அந்தக் கணத்தில் நாடகத்தின் சூத்திரதாரி யார் என்பது எனக்கு விளங்கியது.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இயற்றிய நாடகங்களே இம்மேடைக்கு இன்றும் மூலதனம். தமிழ்ப் பேசும்படமும் ஆரம்பத்தில் இந்த மேடைக் கதைகளை நம்பியே வளர்ந்தது. 1933-ல் டி.பி. ராஜலட்சுமி வள்ளியாக நடித்த ‘வள்ளி திருமணம்’ வெளிவந்தது. மறு ஆண்டு கே. சுப்ரமணியம் ‘பவளக்கொடி’யைப் படமாக்கி, மேடையில் புகழ்பெற்றிருந்த எம்.கே. தியாகராஜ பாகவதரைத் திரைக்குக் கொண்டுவந்தார். கதையையும் பாட்டையும் குரலையும் சினிமா எடுத்துக்கொண்டது. தர்க்கத்தை மட்டும் அதனால் எடுத்துச்செல்ல இயலவில்லை. ஒருமுறை பதிவான வாதம் மறுமுறையும் அதேதான். இங்கேயோ நாரதர் மாறினால் வாதமும் மாறும், வள்ளி மாறினால் விடையும் மாறும்.

விடிந்தபின் விழாக் கமிட்டியார் பாக்கிப் பணத்தைக் கொடுத்தார்கள். ராஜபார்ட்டுக்குக் கிடைத்த தொகையைவிடப் பெரியவருக்குக் கிடைத்தது குறைவு. பங்குனி முதல் ஆடிவரை சம்பாதிப்பதைக் கொண்டுதான் வருஷம் முழுவதும் ஜீவனம் நடக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைமாதங்களில் பெட்டியைத் திறக்க வேலையிராது. இரவு முழுவதும் எழுந்திராமல் நாடகத்தைத் தாங்கியவருக்கு இது நியாயமான ஊதியமென்று என் மனம் ஒப்பவில்லை.

ஊர்களில் நாடகம் வைக்கும் கமிட்டியார்களுக்கு என் விண்ணப்பம் ஒன்றுண்டு: ராஜபார்ட்டின் சம்பளத்தைப் பேசும்போதே ஹார்மோனியக்காரரின் சம்பளத்தையும் அதற்கு ஈடாகப் பேசுங்கள். பபூன் காமிக் முடிந்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு புறப்படும் நண்பர்கள், ஒருமுறையேனும் தர்க்கம் முடியும்வரை இருந்து கேட்க வேண்டும்.