ஐந்து மணி விழிப்பு

ஜனவரி 30, 2025

‘நான்’ என்று தொடங்கினால் பேனா நின்றுவிடுகிறது. அதனால் ‘அவள்’ என்றே எழுதிக்கொள்கிறாள்.

நேற்றோடு பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். விடிகாலை ஐந்து மணிக்கு உடம்பு தானாக எழுந்து உட்கார்ந்துகொண்டது. ஆறு வருடமாக அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்த நேரம். படுக்கைப்புண் வந்துவிடக் கூடாதே என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும். இப்போது எழுந்தவளுக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. கூடத்தில் இரும்புக் கட்டில் கிடக்கிறது. எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று தம்பி கேட்டான். “நான் பாத்துக்கறேன்டா” என்றாள். ஆறு வருடமாக அவனிடம் சொல்லி வந்த அதே பதில்.

பிப்ரவரி 4

ஐந்து மணிக்கு வீட்டில் இருக்க முடியாமல் ஸ்கூட்டரைக் கீழக்குயில்குடிக்கு விட்டாள். தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில், அதற்கு மேலே சமணர் மலை. பாறையில் வெட்டிய படிகளில் நான்கு இடத்தில் உட்கார்ந்து ஏறினாள். மதுரையில் பிறந்து ஐம்பது வயதுக்கு இரண்டு குறைவு. இந்த மலையில் ஏறியது இதுவே முதல்முறை.

பேச்சிப்பள்ளத்தில் சுனை. அதை ஒட்டிய பாறைமுகத்தில் தீர்த்தங்கரர்கள் வரிசையாக இருக்கிறார்கள், அடியில் வட்டெழுத்து. ஒன்பது, பத்தாம் நூற்றாண்டு வேலை. அதில் ஒன்றை அச்சணந்தி என்ற துறவியின் தாய் குணமதியார் செய்வித்தார் என்று கல்வெட்டு இருப்பதாக நடைக்கு வந்த ஒரு வாத்தியார் சொன்னார். ஆயிரம் வருடமாக ஒரு தாயின் பேர் வெயிலிலும் மழையிலும் அங்கே நிற்கிறது. கொஞ்ச நேரம் அதன் முன்னால் நின்றாள்.

ராத்திரி சித்தி போனில்: “வருஷம் திரும்புறதுக்குள்ள மலை ஏறலாமாடி?”

பிப்ரவரி 5

கெண்டைக்கால் இரண்டும் கல். மாடிப்படியில் பின்பக்கமாகத் திரும்பித்தான் இறங்க முடிந்தது.

பிப்ரவரி 19

அலுவலகத் தோழியின் குழு ஏப்ரலில் நேபாளம் போகிறது. அன்னபூர்ணா அடிவார முகாம், 4,130 மீட்டர். ஒருவர் விலகியதால் ஓர் இடம் காலி. புதிதாக நடப்பவர்களும் போகும் பாதைதான், கயிறும் கோடரியும் வேண்டாம், வழியெல்லாம் தங்கும் விடுதி உண்டு என்றாள் தோழி. அவள் யோசிக்கவே இல்லை, சரி என்றுவிட்டாள். சொன்ன பிறகுதான் கை நடுங்கியது.

தம்பி கோபப்பட்டான். “குரங்கணி மறந்துபோச்சாக்கா?” 2018 மார்ச் 11-ஐத் தேனிப் பக்கத்தில் யாரால் மறக்க முடியும்? காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள், பெரும்பாலும் இளம் வயதினர். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குக் கெடுபிடி வந்தது. போன அக்டோபரில் வனத்துறையே 40 பாதைகளைத் திறந்து, எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து, உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்களை வழிகாட்டிகளாகப் போட்டிருக்கிறது. இந்த மாத நடுவில் தீக்காலம் என்று அவற்றையும் மூடிவிட்டார்கள். மூடியதுதான் சரி. காய்ந்த போதைப்புல் எப்படிப் பிடித்துக்கொள்ளும் என்பதற்குக் குரங்கணியைவிட வேறு சாட்சி தேவையில்லை.

தம்பியிடம் இதையெல்லாம் சொன்னாள். அவன் கேட்டது இதை இல்லை என்று போனை வைத்த பிறகு தோன்றியது.

மார்ச் 2

ஷூ வாங்கும்போது வழக்கத்தைவிட அரை அளவு பெரிதாக எடுக்க வேண்டும். இறக்கத்தில் விரல்கள் முன்னால் போய் இடித்தால் கட்டைவிரல் நகம் கறுத்துவிடும். சாயங்காலமாகப் போய்ப் போட்டுப் பார்க்க வேண்டும். அப்போதுதான் பாதம் வீங்கி அதன் உண்மையான அளவில் இருக்கும். பருத்திக் காலுறை ஆகாது. வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு கொப்புளம் போட்டுவிடும். கம்பளிக் காலுறை. பருத்திப் பனியனுக்கும் அதே தடை, நனைந்தால் குளிரில் உடம்புச் சூட்டைத் தின்றுவிடும். இத்தனை வருடம் பருத்தியைத் தவிர வேறொன்றை நம்பாதவள்!

பையின் எடை உடம்பு எடையில் ஐந்தில் ஒன்றைத் தாண்டக் கூடாதாம். அவள் 54 கிலோ. எட்டுக் கிலோ அரிசியைப் பையில் போட்டுக்கொண்டு அடுக்குமாடிப் படிகளில் பத்துத் தடவை ஏறி இறங்கினாள். தோள்பட்டை மட்டும் எரிந்தது. இடுப்புப் பட்டையை இறுக்கினால் பாரம் இடுப்புக்கு இறங்கும் என்று தோழி சொல்லித்தந்த பிறகு பை பாதியானது போல இருந்தது.

அம்மா கடைசியில் 36 கிலோ. இதை எதற்கு எழுதினாள் என்று தெரியவில்லை.

மார்ச் 3

எதுவும் இல்லை.

மார்ச் 21

வலது குதிகாலில் கொப்புளம். சூடு தெரிந்த உடனே நின்று டேப் ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டாமல் இரண்டு கிலோமீட்டர் நடந்தாள்.

ஏப்ரல் 9, பொக்காரா

எல்லையில் ஆதார் செல்லாது; பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ வேண்டும். குழுவில் ஒருவர் ஆதாரை மட்டும் கொண்டுவந்து திரும்பிப் போனார். அவர் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்கு நுழைவுச் சீட்டு, நம்மவர்களுக்கு ஆயிரம் நேபாள ரூபாய். 2023 ஏப்ரலிலிருந்து வெளிநாட்டினர் வழிகாட்டி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. எங்கள் வழிகாட்டி குருங் இனத்தவர். அவளைத் ‘திதி’ என்றார், அக்கா என்று பொருள்.

இருவருக்கு ஒரு சுமைக்காரர் என்று ஏற்பாடு. அவள் மட்டும் வேண்டாம் என்றாள்.

ஏப்ரல் 12

சோம்ரோங்கிலிருந்து ஆற்றுக்கு இறங்கும் கல்படிகள் முடிவதே இல்லை. இறங்கியதை எல்லாம் எதிர்க்கரையில் சினுவாவுக்குத் திரும்ப ஏற வேண்டும். வழியெங்கும் சிவப்பாக லாலி குராஸ் பூத்துக் கிடக்கிறது. நிமிர்ந்து பார்க்கவும் தெம்பில்லை. பாதிப் படியில் கால் நடுங்கியது. நெற்றியில் பட்டை கட்டிச் சுமை தூக்கிவந்த பையன், இருபது வயதுகூட இருக்காது, ஒன்றும் பேசாமல் அவள் முதுகிலிருந்து பையைக் கழற்றித் தன் சுமைமேல் வைத்துக்கொண்டான். “வேண்டாம்” என்றாள். அவனுக்குத் தமிழ் புரியாது. வேறு பாஷையில் அந்தச் சொல்லைத் தேடுவதற்குள் அவன் முப்பது படி மேலே போய்விட்டான்.

இரவு டோவான். பருப்பும் சோறும். பையனுக்குப் பணம் கொடுத்தபோது அவனை நேராகப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் நன்றாகத் தூங்கினாள்.

ஏப்ரல் 13, தேவ்ராலி

சுமார் 3,200 மீட்டர். காற்றழுத்தம் குறைந்து, மதுரையில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயுவில் மூன்றில் இரண்டு பங்குதான் இங்கே. மூன்று மணிக்குத் தலைவலி தொடங்கியது. ஆறு மணிக்கு வாந்தி. சித்தி சொன்னது ஞாபகம் வந்தது, வருஷம் திரும்பாமல் மலை ஏறியது.

வழிகாட்டி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். தலைவலியோடு குமட்டலோ, தள்ளாட்டமோ, சோர்வோ சேர்ந்தால் உயர நோய் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்; அறிகுறி இருக்கும்போது ஓர் அடிகூட மேலே போகக் கூடாது. 3,000 மீட்டருக்கு மேல் படுக்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பதும் விதி. எங்கள் திட்டத்தில் நாளைக்கு ஒரே தாண்டலில் 900 மீட்டர்! லீவு குறைவென்று எல்லாருமாகச் சேர்ந்து போட்ட திட்டம். மலைக்கு நம் லீவுக்கணக்கு தெரியுமா?

தூங்கினால் சரியாகிவிடும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அரைகுறை இந்தியில் அதையே மூன்று முறை. அவர் தலையை மட்டும் ஆட்டினார். “விடியட்டும், திதி.”

விடியலில் வலி கூடியிருந்தது.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. வெயில் ஏறினால் பனிச்சரிவு வரும் இடம் என்பதால் குழு இருட்டிலேயே மேலே கிளம்பியது. தோழி கட்டிப்பிடித்து அழுதாள். அவள் உதவி வழிகாட்டியோடு கீழே இறங்கினாள். இமாலயா விடுதி வருவதற்குள் தலைவலி பாதியாகிவிட்டது, டோவானில் பசித்தது.

மச்சபுச்சரே மலையைப் பற்றி உதவி வழிகாட்டி சொன்னார். 6,993 மீட்டர். 1957-இல் இரண்டு ஆங்கிலேயர்கள் உச்சிக்கு ஏறத்தாழ 50 மீட்டர் கீழே நின்று திரும்பினார்களாம். உச்சியை மிதிப்பதில்லை என்று அரசருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். அதன்பின் அந்த மலையில் ஏற அனுமதி இல்லை. ஆறுதலுக்காகச் சொன்னார் என்று தெரிந்தது. அவர்கள் 50 மீட்டரில் நின்றவர்கள், அவள் 900 மீட்டரில். ஆறுதலாக இல்லை.

வேப்பம்பூப் பச்சடி இல்லாத முதல் வருஷப் பிறப்பு.

ஏப்ரல் 16

குழு இறங்கி வந்தது. படங்களைக் காட்டினார்கள். நன்றாக இருந்தன.

ஏப்ரல் 27, மதுரை

அக்டோபரில் இரண்டு நாள் கூடுதலாக வைத்துத் திரும்பப் போகலாம் என்று தோழி சொல்கிறாள். பதில் சொல்லவில்லை. பை இன்னும் மூலையில் கிடக்கிறது, அடியில் தேவ்ராலியின் மண்.

காலையில் ஐந்து மணிக்கு விழித்தாள், ஆறுவரை படுத்திருந்தாள். பிறகு தம்பிக்குப் போன் செய்து, கட்டிலை எடுக்க ஆள் வேண்டும், வர முடியுமா என்று கேட்டாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

மூன்றாவது மாடித் திருப்பத்தில் கட்டில் மாட்டிக்கொண்டது. “இறக்கி வைக்கா, மூச்சு வாங்குது உனக்கு” என்றான். வைத்தாள். இருவரும் படியில் உட்கார்ந்திருந்தார்கள். இன்னும் இரண்டு மாடி இருந்தது.