முதலில் பாட்டிக்கு இடம்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் கடற்கரைப் பேச்சுதான். கூடாரம், அடுப்பு, அரிசி, பாய் என்று ஏற்ற ஏற்ற, காரில் இடம் சுருங்கிக்கொண்டே போகும். கடைசியில் என்ன நடக்கிறது? "இடமில்லை, நீங்கள் வீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பாட்டியிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் புறப்படுகிறோம். வாசகர்களே, இது நியாயமா? ஆயுள் முழுவதும் பால்மரம் சீவியவருக்கு இரண்டு நாள் கடற்காற்று வாங்க உரிமையில்லையா?

ஆட்கள் அமர்ந்த பிறகு மிஞ்சும் இடமே சாமான்களுக்கு. பின்னால் அமர்வோரும் இருக்கை வார் அணிய வேண்டும் என்பது நம் நாட்டில் 2009 முதல் சட்டம். சிறு பிள்ளைகளுக்குத் தனி இருக்கை 2020 முதல் கட்டாயம். ஆகவே பிள்ளையை மடியில் வைத்து, பாட்டியின் காலடியில் மூட்டையைத் திணிக்கும் பழக்கம் வேண்டாம்.

எங்கள் வீட்டில் ஐவர். வாகனம் புரோட்டோன் சாகா. போர்ட்டிக்சன் போவதென்றால் முதல் நாள் மாலையே வாசலில் பாய் விரித்து, எல்லாவற்றையும் அதில் பரப்பிவிடுவோம். ஒரு வேலைக்கு மட்டும் உதவும் பொருள் வீட்டுக்குத் திரும்பிவிடும். கைலியைப் பாருங்கள்: போர்வை அதுவே, துவட்டும் துண்டும் அதுவே, உடை மாற்ற மறைப்பும் அதுவே! சட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, உள்ளே அரிசி, உப்பு, தீப்பெட்டியை வைத்துவிடலாம். கெட்டிப் பெட்டிகள் வேண்டாம். துணிப்பைகளே மூலை முடுக்குகளில் அடங்கும்.

ஏற்றுவதிலும் முறை உண்டு. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. 20 லிட்டர் என்றால் 20 கிலோ! இத்தகைய பாரங்களைப் பின்பெட்டியின் அடியில், பின்னிருக்கையை ஒட்டி வையுங்கள். கூரைமேல் பாரம் ஏற்றினால் வளைவுகளில் கார் தள்ளாடும். பின்கண்ணாடியோரம் டின்களை அடுக்காதீர்கள்; திடீரென பிரேக் போட்டால் அவை கல்லாய்ப் பறந்துவந்து தலையைத் தாக்கும். கூடாரத்தைக் கடைசியாக ஏற்றுங்கள். போய்ச் சேர்ந்ததும் மழை பிடித்துக்கொண்டால் முதலில் தேவைப்படுவது அதுதானே!

முதல் நாள் இரவே தண்ணீர்ப் போத்தல்களை உறையவைத்து ஐஸ் பெட்டியில் போட்டால் தனியாக ஐஸ் வாங்க வேண்டாம். உருகிய பின் அதுவே குடிநீர். அடுப்புக்கான எரிவாயு டப்பாக்களை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிடாதீர்கள், சூட்டில் வெடிக்கக்கூடும். பாரத்துக்கு ஏற்ற டயர் காற்றளவு பெரும்பாலும் ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும், பார்த்து நிரப்பிக்கொள்ளுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் இடம் போதவில்லையா? அரிசியையும் பருப்பையும் இறக்கிவிடுங்கள். போர்ட்டிக்சன் கடைகளில் வாங்கிக்கொள்ளலாம். பாட்டியை எந்தக் கடையில் வாங்குவது?