வாய்க்கால் கட்டில் ஒரு மார்கழிக் காலை

மார்கழி விடியலில் கிளிநொச்சி வட்டக்கச்சி ஒழுங்கையால் நடந்தேன். இரணைமடு வாய்க்கால் மேல் பனி மூடிக் கிடந்தது. காலபோக நெல் குடலைப் பருவத்தில் நின்றது. திருவெம்பாவைக் காலம், கோயிலிலிருந்து சங்கும் சேமக்கலமும் கேட்டன.

நான் தேடிப்போன வீட்டில் அக்கா கணவரைப் புரட்டிப் படுக்க வைத்துக்கொண்டிருந்தார். 2009இல் எறிகணைச் சிதறல் கழுத்தருகே முள்ளந்தண்டைத் தாக்கியதால் அவரால் தானாகப் புரள முடியாது. உடம்பில் உணர்வில்லாததால், ஒரே பக்கம் கிடந்தால் படுக்கைப்புண் வருவதும் தெரியாது. இரவிலும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அக்கா எழும்புகிறார்.

"வயல் பக்கம் போய் எவ்வளவு நாள் அக்கா?"

"படலைக்கு அங்காலை போனால் குற்றம் செய்த மாதிரி இருக்கு, பிள்ளை."

மகனுக்குப் புரட்டும் முறையையும், தோல் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பதையும் இருவருமாகக் காட்டிக்கொடுத்தோம். "போட்டு வாரும்" என்றார் கணவர்.

வாய்க்கால் கட்டில் அரை மணித்தியாலம் நடந்தோம். அக்கா நெற்பயிரைத் தடவிப் பார்த்தார்; அதிகம் கதைக்கவில்லை. திரும்பி வந்தபோது அவர் மறுபக்கம் படுத்திருந்தார். முதுகுக்குத் தலையணை அண்டை கொடுத்திருந்தான் மகன்.

சகோதரிகளே, பராமரிப்பை ஆண்பிள்ளைகளுக்கும் பழக்குங்கள். நீங்களும் கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள்.