எரியாத விளக்கு

முட்டி ஒத்துழைக்கும்போதே நடந்துவிட வேண்டும் என்று நான் குறித்து வைத்திருந்த இடங்களில் ஒன்று, ஆஸ்திரேலியாவின் பியோவா தேசியப் பூங்கா. பூங்கா என்றதும் ஊஞ்சல், சறுக்குமரம், சுண்டல் என்று நினைத்துவிடாதீர்கள். சிட்னிக்குத் தெற்கே சுமார் 480 கிலோமீட்டர் தள்ளி, ஈடன் என்கிற சின்ன ஊரை ஒட்டிய கடலோரக் காடு. பழைய கோபுரம் ஒன்றில் தொடங்கி, கலங்கரை விளக்கத்தில் முடிகிற 31 கிலோமீட்டர் பாதைக்கு 'லைட் டு லைட்' என்று பெயர்.

இதில் வேடிக்கை, முதல் லைட் எரிந்ததே கிடையாது. பெஞ்சமின் பாய்ட் என்ற ஸ்காட்லாந்து முதலாளி 1847-ல் சிட்னியிலிருந்து கல் வரவழைத்துக் கட்டினார். உச்சியில் தன் பெயரையும் பொறித்துக்கொண்டார். விளக்கேற்ற அரசாங்கம் விடவில்லை. அப்புறம் திமிங்கிலம் வருதான்னு பார்க்கத்தான் உபயோகப்பட்டது.

அதே 1847-ல் அவர் பசிபிக் தீவுகளிலிருந்து ஆட்களைக் கப்பலில் இறக்கினார். முதல் நடையில் 65 பேர். புரியாத பாஷையில் ஒப்பந்தம், கையெழுத்துக்குப் பதில் ஒரு குறி. என் தாத்தாவின் அண்ணன் மலேயா ரப்பர் தோட்டத்துக்குப் போனதும் இதே மாதிரி ஒரு கைநாட்டில்தான். திரும்பி வரவில்லை. அதனால் அந்தக் கோபுரத்தை என்னால் வெறும் கட்டடமாகப் பார்க்க முடியவில்லை.

பூங்காவுக்கும் ரொம்ப காலம் பாய்ட் பெயர்தான். 2022-ல் மாற்றினார்கள். பியோவா என்றால் இந்த மண்ணின் தாவா மக்கள் மொழியில் ஓர்க்கா திமிங்கிலம். அவை பெரிய திமிங்கிலங்களை விரிகுடாவுக்குள் விரட்டி வரும். படகுக்காரர்கள் ஈட்டி எறிவார்கள். உதடும் நாக்கும் ஓர்க்காவுக்கு, மிச்சம் மனிதனுக்கு. கூட்டத்தில் பிரபலமான 'ஓல்ட் டாம்' 1930-ல் செத்துப்போனது. அதன் எலும்புக்கூடு ஈடன் மியூசியத்தில் இருக்கிறது. அவசியம் பாருங்கள். கோபுரத்தில் பாய்ட் பெயர் அப்படியே இருக்கிறது. இருக்கட்டும். "இவர் யாருப்பா?" என்று குழந்தைகள் கேட்க வேண்டாமா?

பாதை? சிவப்புப் பாறை, குட்டை மரங்கள், ஏற்றம், இறக்கம், மறுபடி ஏற்றம். கீழே கடல் சீறிக்கொண்டே வருகிறது. ராத்திரி கூடாரத்தில் படுத்தால் முதுகுக்கு அடியில் எப்படியும் ஒரு வேர் இருக்கும்.

முடிவில் கிரீன் கேப். 1883-ல் கான்கிரீட்டில் வார்த்த விளக்கு. இது எரிந்தது. எரிந்தும் 1886-ல் ஒரு கப்பல் நேராக வந்து இதன் காலடிப் பாறையில் மோதி, 71 பேர் போனார்கள்.

அன்று ராத்திரி காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே யோசித்தேன். என்னிடம் மேப் இருந்தது, தண்ணீர் இருந்தது, பையில் ரிட்டர்ன் டிக்கெட் இருந்தது. பாய்ட் கூட்டி வந்தவர்களில் பலர் உள்நாட்டு ஆட்டுப்பண்ணைகளை விட்டுவிட்டு, ஊருக்குப் போகக் கப்பல் தேடி, சிட்னிவரை நடந்தே கிளம்பியிருக்கிறார்கள்.