மழுங்கிய முனை

கோணியது எதுவாயினும் குற்றத்தை மரத்தின்மேல் ஏற்றிவிடுவது எளிது. யானும் அவ்வாறு ஏற்றியவனே.

புக்கிட் பெலண்டோக் பக்கத்துத் தோட்டமொன்றில் யான் கிராணி. ஆங்கிலத்தில் கல்வி கற்றவன். பேனா பிடிக்கும் கை உளி பிடித்தல் இழுக்கு என்னும் எண்ணம், ஒருவரும் வாய்விட்டுக் கற்பிக்காமலே என்னுள் வளர்ந்திருந்தது. தோட்டத்து முதிய தச்சர் என் தந்தையின் வயதினர். எனினும் அவரைப் பெயர் சொல்லியே அழைத்துவந்தேன்.

சென்ற ஆண்டு, மகளுக்குப் படிப்பு மேசையொன்று என் கையாலேயே செய்ய விரும்பி ரப்பர்ப் பலகை வாங்கினேன். அமேசான் காட்டுக்குரிய இம்மரத்தின் நாற்றுகள் 1877-ல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. ஏறத்தாழ 25, 30 ஆண்டுகள் பால் தந்து ஓய்ந்த மரம் முன்னாளில் விறகாய் எரிந்தது. இன்றோ, பூச்சி அரிக்காவண்ணம் மருந்தேற்றி உலர்த்தப்பெற்று, மேசை நாற்காலிகளாய்க் கடல் கடக்கிறது. அத்தகைய மரம் என் இழைப்புளிக்குக் கீழே பிய்ந்து குழியாயிற்று. அலகை மின்சாரச் சாணையில் அழுத்தித் தீட்டினேன். சூடேறி முனை நீலம் பூத்தது. எஃகு தன் உறுதியை இழந்ததென்பதையும் அறியாது, "மட்டமான மரம்" என்றேன்.

வேறு வழியின்றித் தச்சரிடம் சென்றேன். மகளும் உடன் வந்தாள். அவர் அலகை வெயிலில் சாய்த்தார்.

"முனையில் வெள்ளைக் கோடு மின்னுதா, கிராணியாரே? மின்னினா மழுங்கல். கூரான முனை கண்ணுக்கே தெரியாது."

நீலம் பட்ட பகுதியை அடிக்கடி நீரில் நனைத்துத் தேய்த்து நீக்கினார். அலகின் முதுகைக் கல்லில் தட்டையாக்கினார். சரிவை ஏறக்குறைய 30 பாகைச் சாய்வில், மறுபுறம் மெல்லிய பிசிர் விரலில் தட்டுப்படும் வரை தீட்டினார். பின் முதுகைக் கல்லோடு படியவைத்துப் பிசிரை எடுத்து, தோல்வாரில் இழுத்தார். அலகின்மேல் அமரும் தகட்டை முனையை ஒட்டி இறுக்கி, மரத்தின் இழை மேலெழும் திசையிலேயே தள்ளச் சொன்னார். வெங்காயத் தோல்போல் சுருள் எழுந்தது. பலகை வழவழப்பாயிற்று.

திரும்புகையில் மகள் கேட்டாள்: "தாத்தாவை ஏன் அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுகிறீர்கள்?"

விடை இல்லை. யான் கல்வியின் ஒளியென்று எண்ணி மகிழ்ந்தது அந்த வெள்ளைக் கோடே அன்றோ!

மறுநாள் அலகைத் தீட்டக் கற்றுத் தருமாறு கேட்கச் சென்றேன். "ஐயா" என்றழைத்தேன். அவர் வேறு யாரையோ அழைத்ததாக நினைத்துத் திரும்பிப் பார்த்தார். நேயர்களே, அப்பார்வை இன்றும் என்னை விட்டு நீங்கவில்லை.