அம்மிச்சியின் வெள்ளி ரூபாய்கள்

பழங்காசு சேர்ப்பது பணம் படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். என்னிடம் இருப்பவை நான்கே நான்கு வெள்ளி ரூபாய்கள். நான்கும் என் அம்மிச்சியின் சுருக்குப் பையிலிருந்து வந்தவை. அவருக்கு அவருடைய தாய் கொடுத்தவை.

பையில் இருந்தவை ஏழு. சென்ற ஆண்டு என் விடுதிக் கட்டணத்துக்கு அவற்றை விற்றுவிடலாம் என்றார் அப்பா. “பொட்டீல கெடந்து என்னங்க ஆகுது அத்தை?” என்று கேட்டார். அம்மிச்சி ஒவ்வொன்றாக அம்மிக்கல்லில் போட்டு ஓசை கேட்டார். “இந்த நாலும் நல்ல வெள்ளி சாமி. இந்த மூணும் மட்டம்” என்று பிரித்து வைத்தார். பள்ளிக்கூட வாசல் மிதியாதவர். காசிலுள்ள ஆண்டைப் படிக்கத் தெரியாதவர்.

நான் ஆண்டுகளைப் பார்த்தேன். நல்லவை 1901, 1907, 1912, 1918. மட்டமானவை 1941, 1944, 1945. ஆய்வகத்தில் காற்றில் ஒருமுறையும் நீரில் ஒருமுறையும் எடை பார்த்தேன். முதல் நான்கின் ஒப்படர்த்தி 10.3 அளவில் நின்றது, மற்றவை 9.5ஐ ஒட்டியே இருந்தன. ஆர்க்கிமிடீசும் அம்மிச்சியும் ஒரே தீர்ப்பைத்தான் சொன்னார்கள்!

காரணத்தை நூலகத்தில் கண்டேன். ஆங்கிலேயர் ஆட்சியின் ரூபாய் 11.66 கிராம் எடையுள்ளது. அதில் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. இரண்டாம் உலகப் போரின்போது, 1940இல், அது 50 பங்காகக் குறைக்கப்பட்டது. செம்பும் நிக்கலும் துத்தநாகமும் இடத்தை நிரப்பின. 1947இல் வந்த ரூபாயோ முழு நிக்கல். மட்டக் காசு வந்தால் நல்ல காசு ஒளிந்துகொள்ளும் என்னும் கிரஷாம் விதியை வணிகவியல் நண்பர்கள் அறிவார்கள். அவ்விதியின் பெயரே அறியாத ஒரு கொங்கு நாட்டுக் குடியானவப் பெண், நல்ல வெள்ளியைப் பிரித்தெடுத்துப் பையில் முடிந்து வைத்திருக்கிறார்.

முடிவில் மட்டக் காசு மூன்றும் கடைக்குப் போயின. மீதிப் பணத்துக்கு ஒரு வெள்ளாடு போயிற்று. நல்ல காசு நான்கும் என் கைக்கு வந்தன. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான்தான். ஆனால் அறிவு என்னோடுதான் வீட்டுக்குள் நுழைந்தது என்ற எண்ணம் இப்போது எனக்கு இல்லை.

தோழர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியிலும் வெள்ளி ரூபாய் இருக்கலாம். புளி போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்த்தால் பழமையின் மதிப்புக் குறையும். உருக்கக் கொடுக்குமுன் ஆண்டைப் பாருங்கள். காத்து வைத்த பெரியவர் இருந்தால் அருகில் அமர்ந்து கேளுங்கள். உருக்கினால் வெள்ளி மிஞ்சும், கதை மிஞ்சாது.